வாழைக்கறை போவதில்லை, பீட்ரூட் சாயம் மட்டும் ஏன் போகிறது?

மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கிழித்து, ஒரு பாதியைப் பீட்ரூட் சாற்றிலும் மறுபாதியை மஞ்சளிலும் முக்கியிருக்கிறார். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று எங்கோ பார்த்ததை நம்பி அதையும் போட்டிருக்கிறார். பீட்ரூட் முதல் துவைப்பிலேயே போய்விட்டது. மஞ்சள் துவைப்பில் தாங்கினாலும் கொடியில் காயக் காய வெளிறிவிட்டது. நம் ஊரில் கிடைக்கிற செடி, பூ, பட்டைகளை வைத்து நிலைக்கிற சாயம் போட முடியுமா, முடிந்தால் பாட்டியின் கூறைப்புடவைக்கும் அப்படி நிறம் ஏற்றலாமா என்பது கேள்வி.

முடியும். வலங்கைமான் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கூறைப்புடவையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிற அறிவை ஒரு தரம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வாழைக்கொல்லைக்குப் போய்வந்த சட்டையில் சாறு பட்டால் என்ன ஆகிறது? படும்போது தண்ணீர் மாதிரிதான் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. துவைத்துக் காயப்போட்ட பிறகு பழுப்பாகத் தெரியும், அதன் பிறகு எதற்கும் போகாது. துவர்ப்புச் சத்து அதில் இருக்கிறது. அது பருத்தி நூலைப் பிடித்துக்கொண்டு, காற்றுப் பட்டுக் கறுக்கிறது. பாக்குக் கறையும் மாங்காய்ப்பிஞ்சுக் கறையும் அதே கதைதான். மஞ்சள் வேறு ஜாதி. புதுத்துணியின் ஓரத்தில் வைக்கிற மஞ்சள் நாலு தரம் துவைத்து வெயிலில் காயப்போட்டால் காணாமல் போய்விடும். சாம்பார் சிந்திய துணியை வெயிலில் போடு, கறை எடுபடும் என்று அம்மாக்கள் சொல்வார்கள். தாலிக்கயிற்றுக்கு மஞ்சளை விடாமல் பூசிக்கொண்டே இருக்கிறோம். மஞ்சள் நூலில் சட்டென்று ஏறிக்கொள்ளும், ஆனால் வெயில் தாங்காது என்பது நமக்குத் தெரியாத விஷயமா? பீட்ரூட் அதற்கும் கீழே. அந்தச் சிவப்பு கொதித்தாலே கெட்டுவிடும், பருத்தியைப் பிடிக்கிற குணமும் அதற்குக் கிடையாது. செம்பருத்தி, சங்குப்பூ இரண்டும் இதே வரிசை. பார்க்க ஆசையாக இருக்கும், துணியில் தங்காது. இவற்றுக்கு நேரத்தைச் செலவிடாதீர்கள்.

உப்பும் வினிகரும் இதில் உதவாது. உப்பு சில ரசாயனச் சாயங்களுக்கு வேண்டியது, அங்கிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. வினிகர் உபத்திரவமே செய்யும். சாயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் படிகாரத்தைப் புளிப்பு கழற்றிவிடும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் நிறம் போவதும் அதனால்தான்.

சரி, நிலைக்கிற சாயத்துக்கு மூன்று பேர் சேர வேண்டும்: துவர்ப்பு, படிகாரம், நிறம். துவர்ப்பு நூலைப் பிடிக்கும், படிகாரம் துவர்ப்பைப் பிடிக்கும், நிறம் படிகாரத்தைப் பிடிக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் படிகாரம் நேரடியாகவே ஒட்டும். பருத்திக்கு அந்தக் குணம் இல்லாததால் நடுவில் துவர்ப்பு தேவைப்படுகிறது. நம் பக்கத்துத் துவர்ப்பு கடுக்காய். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய், படிகாரம், அன்னபேதி மூன்றையும் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதில் அன்னபேதி இரும்புச் சத்துள்ள உப்பு, நிறத்தை இருட்டாக்கும்.

அதற்கும் முன்னால் இரண்டு சோதனை. முதலாவது, உங்கள் வேட்டி பருத்திதானா? காட்டன் என்று விற்கிற வேட்டிகளில் கலப்பு நிறைய. ஓரத்தில் இரண்டு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. மயிர் பொசுங்குகிற வாசனை வந்தால் பட்டு. உருகிச் சுருண்டு கெட்டி மணியானால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது, அதில் செடிச்சாயம் ஏறாது.

இரண்டாவது தண்ணீர். நான் பட்ட பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் வருஷம் செண்டிப்பூவில், அதாவது செண்டுமல்லியில், நல்ல மஞ்சள் வரும் என்று கேள்விப்பட்டு, ஆயுத பூஜை முடிந்ததும் கிலோக்கணக்கில் வாங்கிக் காய்ச்சினேன். துணி பாசி பிடித்த குளத்து நிறத்தில் வந்தது. பூ பழசாக இருக்கும் என்று புதுப்பூ வாங்கினேன். அதே பாசி. மூன்றாம் முறை, கடுக்காய் ஊறிய தண்ணீரில் மீந்ததை, கழுவுவதற்காகப் போர் தண்ணீர் பிடித்து வைத்திருந்த வெள்ளைப் பேசினில் சும்மா ஊற்றினேன். வைக்கோல் நிறத்தில் இருந்த கடுக்காய்த் தண்ணீர் விழுந்த இடத்திலிருந்து ஊதாப் புகை மாதிரி ஒன்று பரவியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேசின் முழுக்கச் சாம்பல் கறுப்பாகிவிட்டது. கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்த அத்தை எட்டிப்பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துல கடுக்காயும் அன்னபேதியும் போட்டுத்தான் மை காய்ச்சுவாங்க. ஒன் தண்ணியிலயே அன்னபேதி இருக்குடி" என்றார். எங்கள் போர் தண்ணீரில் இரும்பு. பூவின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதனால் நீங்களும் இதைச் செய்து பாருங்கள். இரண்டு வெள்ளைக் கிண்ணம் எடுத்து, ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் மற்றதில் மழைத் தண்ணீரும் விடுங்கள். இரண்டிலும் ஒரு ஸ்பூன் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றுங்கள். நிறம் மாறாவிட்டால் தைரியமாகத் தொடங்கலாம். கறுத்தால், அந்தத் தண்ணீரை அகலப் பாத்திரத்தில் கலக்கிக் கலக்கி ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். இரும்பு துருவாகி அடியில் தங்கும், மேலே தெளிந்ததை இறுத்துக்கொண்டு மறுபடி சோதியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டால் அதைவிட நல்லது வேறில்லை. மேட்டூர் திறந்து வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் நான் அதைத்தான் எடுக்கிறேன். புதுத்தண்ணீர் வண்டலாக வரும். பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை நாலு சுற்று உரைத்துவிட்டு ஊற்றி வைத்தால் காலையில் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும்.

இனி வேட்டி. 250 கிராம் காய்ந்த துணி என்று வைத்துக்கொள்வோம். அளவு எல்லாம் துணியின் எடையைப் பொறுத்தது, அதனால் சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சமைக்கிற பாத்திரத்தில் செய்ய வேண்டாம், இதற்கென்று ஒரு எவர்சில்வர் அண்டாவை ஒதுக்குங்கள். இரும்புச் சட்டியும் கரண்டியும் கூடாது. அலுமினியமும் நிறத்தைக் கொஞ்சம் மாற்றும்.

முதலில் அழுக்கெடுப்பது. பார்வைக்கு வெள்ளையாக இருக்கிற துணியிலும் கஞ்சி, எண்ணெய்ப் பசை, சொட்டுநீலம் எல்லாம் இருக்கும். வண்ணார்கள் உவர்மண்ணில் முக்கி வெள்ளாவி வைத்தது இதற்காகத்தான். உவர்மண்ணில் இருப்பதும் சோடாதான். நமக்குச் சலவை சோடா போதும். 10 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சோடா, துளி சோப்பு போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். புதுக் காடாத் துணியாக இருந்தால் தண்ணீர் டீத்தூள் போட்ட மாதிரி ஆகிவிடும். அப்படியானால் தண்ணீரை மாற்றி இன்னொரு தரம் கொதிக்க வையுங்கள். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும், பின்னால் திருத்த முடியாது. பட்டுத் துணியை மட்டும் இப்படிக் கொதிக்க விடாதீர்கள்.

அப்புறம் கடுக்காய். கொட்டையை நீக்கி இடித்த தோல் 50 கிராம் எடுத்து, வெந்நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். அதில் துணி முங்குகிற அளவு தண்ணீர் சேர்த்து, ஈரத்துணியைப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் அவ்வப்போது புரட்டிக் கொடுங்கள். அலசாமல் பிழிந்து உலர்த்துங்கள். லேசான மஞ்சள் ஏறியிருக்கும், நாக்கில் வைத்தால் துவர்க்கும். ஊறிய கடுக்காயை மறுநாளுக்கு வைக்காதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் புளித்துவிடும்.

துணியில் தூரிகையால் எழுத நினைக்கிறவர்கள் இந்தக் கடுக்காய்த் தண்ணீரோடு எருமைப்பால் சேர்ப்பார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு ஓடிப் பரவாமல் தடுக்கும். சோழமண்டலக் கரையில் துணியில் சித்திரம் எழுதும் முறையைக் கேட்டறிந்து 1742இல் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தன் நாட்டுக்கு எழுதிய கடிதத்திலும் கடுக்காயும் எருமைப்பாலும்தான் தொடக்கத்தில் வருகின்றன. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்கான தொம்பைகளும் (குழாய் வடிவத் தொங்கல்கள்) விதானங்களும் எழுதுகிற குடும்பங்களின் கை வழியாக இந்த வித்தை இன்னும் நம்மிடம் இருக்கிறது. ஒரு தரம் நேரில் போய்ப் பாருங்கள்.

கடுக்காய் ஏறிய துணி காய்ந்த பிறகு படிகாரம். 40 கிராமைப் பொடித்து வெந்நீரில் கரையுங்கள். 5 கிராம் சலவை சோடாவைத் தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விடுங்கள், நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரமாக இருக்கட்டும். நுரை அடங்கியதும் தண்ணீர் சேர்த்து, இளஞ்சூட்டில் துணியைப் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஒரே ஒரு தரம் லேசாக அலசுங்கள். இத்தனையும் செய்த துணியைப் பார்த்தால் ஒன்றும் நடந்த மாதிரி இருக்காது. ஆனால் செண்டிப்பூத் தண்ணீரில் அதையும், பக்கத்திலேயே ஒன்றும் செய்யாத ஒரு துண்டையும் போட்டுப் பாருங்கள். கடுக்காய், படிகாரம் கண்ட துணி பத்து நிமிஷத்தில் பொன்னிறத்தைக் குடிக்கத் தொடங்கும். மற்றது பழைய பேப்பர் நிறத்தைத் தாண்டாது, அதுவும் அலசினால் போய்விடும்.

செண்டிப்பூ அரைக்கிலோ எடுத்துக்கொள்ளுங்கள், காம்பு நீக்கிய இதழ்தான் கணக்கு. முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டி, ஈரத்துணியை அதில் போட்டு, பொங்கவிடாமல் ஒரு மணி நேரம் சூட்டில் வைத்துப் புரட்டுங்கள். அடுப்பை அணைத்த பிறகு அதிலேயே ஆறவிட்டால் நிறம் இன்னும் ஏறும். நிழலில் உலர்த்தி, நாலைந்து நாள் கழித்துத் துவையுங்கள். கட்டிப் பழசான மாலையிலிருந்தும் இதே நிறம் எடுக்கலாம். விசேஷ வீடுகளில் வாசல் தோரணத்தைக் கழற்றும்போது சொல்லிவைத்தால் சாக்கு நிறையக் கொடுப்பார்கள். காயவைத்து வைத்தால் வருஷம் முழுக்க வரும்.

இந்த ஒன்று கைவந்துவிட்டால் மற்றவை எளிது. மாதுளந்தோல் காய்ந்தது 100 கிராம் போதும், அடர்ந்த மஞ்சள் வரும், துவர்ப்பு அதிலேயே இருப்பதால் நன்றாக நிலைக்கும். பெரிய வெங்காயச் சருகு செம்மஞ்சள் பழுப்பு கொடுக்கும், வெயிலில் கொஞ்சம் குறையும். கருவேலம்பட்டை நல்ல பழுப்பு. இளநீர்க் கடையில் வெட்டிப் போடுகிற மட்டையைத் துண்டாக்கி நெடுநேரம் கொதிக்க வைத்தால் இளஞ்செம்பழுப்பு வரும், எனக்கு மிகவும் பிடித்த நிறம் அது. தேக்கின் இளந்தளிரைக் கசக்கினால் கை சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள், துணியிலும் செங்கல் சாயலில் ஏறும். பவழமல்லிக் காம்பில் அழகான காவி வரும், ஆனால் நீடிக்காது. பூஜைக்கு ஒரு நாள் உடுத்துகிற துணிக்குப் போடலாம்.

இவற்றில் எதையும் இருட்டாக்க வேண்டுமானால், சாயம் ஏறிய துணியை அன்னபேதி கரைத்த தண்ணீரில் சில நிமிஷம் முக்குங்கள். 250 கிராம் துணிக்கு 3 கிராம், அதற்கு மேல் வேண்டாம். மாதுளை மஞ்சள் பாசிப்பச்சையாகும், கடுக்காய் மட்டும் ஏறிய துணி கரும்பலகை நிறமாகும். இரும்பு அதிகமானால் நூல் இற்றுப்போகும். பழைய சித்திரத் துணிகளில் கறுப்பு எழுதிய இடம் மட்டும் ஓட்டை விழுந்திருப்பது இதனால்தான். கலம்காரி என்கிற துணிச்சித்திரம் எழுதுகிறவர்கள் இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுத் தங்கள் கறுப்பை எடுக்கிறார்கள். பொறுமை இருந்தால் அதைச் செய்யுங்கள். மயில்துத்தம் போடச் சொல்வார்கள். அது செம்பு, விஷம். வீட்டில் வேண்டாம்.

சிவப்பு அவசரத்துக்கு வராது, அது வேரில் இருக்கிறது. இம்பூரல் என்கிற சாயவேர் கடற்கரை மணலில் வளரும் சின்னச் செடி. அதன் வேர்ப்பட்டைச் சிவப்புதான் சோழமண்டலக் கரைத் துணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. டேனியர்கள் 1620இல் தரங்கம்பாடிக்கும், டச்சுக்காரர்கள் 1658இல் நாகப்பட்டினத்துக்கும் வந்து உட்கார்ந்ததில் துணிக்கும் பங்கு உண்டு. கொள்ளிடத்தின் வடகரையில் கோடாலிக்கருப்பூரில் தஞ்சை அரண்மனைக்காக நெய்து, மெழுகிட்டு, சாயமேற்றிய சேலைகளின் செம்மையும் இப்படி வந்ததுதான். அரண்மனையின் ஆதரவு போனதும் 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சேலையும் நின்றுவிட்டது. வேரில் இருக்கிற அதே அலிசரின் என்கிற சிவப்புச் சத்தை 1869 வாக்கில் தொழிற்சாலையில் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு வேரைத் தோண்ட ஆள் இல்லாமல் போனது. எனக்கு இது தீராத வருத்தம்.

வீட்டில் சிவப்பு வேண்டுமென்றால் நுணா வேர்தான் கைக்கு எட்டும். இதற்காக மரத்தைப் பிடுங்காதீர்கள். வரப்பு ஓரமோ மனையோ சுத்தம் செய்யும்போது நுணாவை வெட்டினால் வேரைக் கேட்டு வாங்குங்கள். மூன்று நாலு வயது மரத்தின் மெல்லிய வேரில்தான் நிறம் அதிகம். இந்த வகைச் சிவப்புக்குத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் நல்லது. மழைத் தண்ணீரில் செய்தால் ஒரு சிட்டிகைக் கிளிஞ்சல் சுண்ணாம்பு சேருங்கள். வேரைப் பொடித்துப் போட்டு, மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். ஒரு முறையில் வெளிர்ச்சிவப்புதான் வரும். உலர்த்தி மறுபடி மறுபடி தோய்க்க வேண்டும்.

நீலத்துக்கு அவுரி. தலைமுடிக்குப் பூச விற்கிற அவுரி இலைப் பொடி இதற்கு ஆகாது, இலையை ஊறவைத்துக் கடைந்து எடுத்த நீலக்கட்டி வேண்டும். திண்டிவனம் பக்கம் இன்னும் எடுக்கிறார்கள். நீலம் தண்ணீரில் கரையாது, காற்றுப் படாத தாழியில் அதை வேறு வடிவத்துக்கு மாற்றினால்தான் கரையும். பழைய நீலச்சாயக்காரர்கள் தகரை விதை, சுண்ணாம்பு, உவர்மண் போட்டுத் தாழியில் நாள்கணக்கில் புளிக்கவைத்தார்கள். வீட்டில் நீலக்கட்டியைப் பொடித்தது 1 பங்கு, சுண்ணாம்பு 2 பங்கு, பழச்சர்க்கரை (ஃப்ரக்டோஸ்) 3 பங்கு என்று வெந்நீரில் கலந்து மூடி வைக்கலாம். கனிந்து கறுத்த பூவன்பழத்தைக் கொதிக்க வைத்து வடித்த சாறும் அந்த வேலையைச் செய்கிறது. கையுறை கட்டாயம், சுண்ணாம்பு தோலை அரிக்கும். மேலே செம்புநிற ஆடை படிந்து, உள்ளே தெளிந்த மஞ்சள்பச்சையாக இருந்தால் தாழி பக்குவம். துணியை மெல்ல இறக்கி, சில நிமிஷம் வைத்துத் தூக்கினால் தளிர்ப்பச்சையாக வரும். காற்றுப் படப் பட, மடிப்பின் விளிம்பிலிருந்து நீலம் ஓடி வந்து மூடும். நூறு தரம் செய்தாயிற்று, இன்றைக்கும் அந்த அரை நிமிஷம் நான் வேறு வேலை பார்ப்பதில்லை. நீலத்துக்குக் கடுக்காயும் படிகாரமும் வேண்டாம். செடிகளில் நேரடியான பச்சை கிடையாது. நீலத்தின் மேல் செண்டிப்பூ ஏற்றினால்தான் பச்சை.

மீந்த தண்ணீரை வாய்க்காலில் கொட்டாதீர்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அந்த நிலங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். நொய்யல் காவிரியில்தான் கலக்கிறது. நம்முடையது ஒரு அண்டா அளவுதான், இருந்தாலும் படிகாரத் தண்ணீரைப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு மண்தரையில் பரவலாக ஊற்றுங்கள். வேகவைத்த பூவும் பட்டையும் எருக்குழிக்கு.

துவைக்கப் பூந்திக்கொட்டை போதும், சலவைத்தூள் வேண்டாம். ஒவ்வொரு சாயத்திலும் கையகலத் துண்டு ஒன்றை ஒதுக்கி, பாதியை அட்டையால் மறைத்து இரண்டு வாரம் ஜன்னல் வெயிலில் வையுங்கள். மறைத்த பாதிக்கும் மறைக்காத பாதிக்கும் வித்தியாசம் தெரியாத சாயத்தை மட்டும் நல்ல துணிக்குப் போடுங்கள். துண்டின் மூலையில் அளவையும் தண்ணீரையும் எழுதிக் கட்டி வைத்தால் அடுத்த வருஷம் உதவும்.

இப்போது பாட்டியின் புடவை. மாயவரத்துக் கூறைநாட்டுக் கூறை பட்டும் பருத்தியும் கலந்த நெசவு. ஒரே சாயத்தில் முக்கினாலும் பட்டு நூல் அதிகமாகக் குடிக்கும், பருத்தி நூல் வெளிறி நிற்கும், கட்டத்தின் ஒழுங்கே மாறிவிடும். பருத்திக்கு வேண்டிய கொதியைப் பட்டு தாங்காது. சரிகை இருந்தால் இந்தத் தண்ணீர்களில் கறுத்துவிடவும் கூடும். பழைய நூல் நனைந்த பாரத்திலேயே விட்டுவிடலாம். அதனால் அந்தப் புடவைக்குச் சாயம் போட வேண்டாம் என்பதுதான் என் பதில். நனைக்காமல் நிழலில் காற்றாட விட்டு, துவைத்த மல் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மடிப்பை மாற்றி வையுங்கள். அதைச் சுற்றுகிற அந்த மல் துணிக்கு வேண்டுமானால், நீங்கள் முதன்முதலாகக் காய்ச்சுகிற செண்டிப்பூச் சாயத்தை ஏற்றுங்கள். ஆனால் ஜன்னல் வெயிலில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்து, பூந்திக்கொட்டையில் மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீர் தெளிந்து வந்த பிறகுதான் புடவையோடு சேர்க்க வேண்டும்.